கிரேடா, ஸ்கேனா, கால்குலேட்டரா, காத்திருப்பதா? அனியூரிஸம் வெடித்த பின் மீட்சியைக் கணிக்கும் வழிகள்

மூளையின் ரத்தக்குழாயில் புடைத்திருந்த அனியூரிஸம் வெடித்து ஒருவரை ஐசியுவில் சேர்த்தால், முதல் இரண்டு நாளிலேயே வீட்டாரின் காதில் நிறைய எண்கள் விழுந்துவிடும். அவசரப் பிரிவில் ‘ஜிசிஎஸ் 11’ என்பார்கள். நியூரோ சர்ஜன் ‘கிரேடு 4’ என்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபிஷர் 4’ என்று இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் இதையெல்லாம் ஒரு இணையக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, வந்த சதவீதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். இதில் எதை நம்புவது என்பதுதான் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. பயிற்சி மருத்துவர்களும் நர்ஸுகளும் அதையே வேறு மாதிரி கேட்கிறார்கள்: கேஸ் ஷீட்டில் எந்த அளவையை எழுதுவது, வீட்டாரிடம் எதை வைத்துப் பேசுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்காக உருவாக்கப்பட்டவை. ஒன்று ‘இன்று எவ்வளவு மோசம்’ என்று சொல்லும். இன்னொன்று ‘அடுத்த வாரம் ரத்தக்குழாய் சுருங்குமா’ என்று சொல்லும். வேறொன்று ‘மூன்று மாதம் கழித்து எப்படி இருப்பார்’ என்று கணிக்கும். ஒரு கேள்விக்கான எண்ணை எடுத்து இன்னொரு கேள்விக்குப் பதிலாகச் சொல்லும்போதுதான் தவறான முடிவுகள் நடக்கின்றன. முதல் மூன்று நாளில் எந்த எண் வந்தாலும் அதைப் பென்சிலால் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்பதும் என் கட்சி.

## நோயின் ஓட்டம், சுருக்கமாக

அனியூரிஸம் என்பது ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகி வெளியே புடைத்த இடம். அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில், திரவம் ஓடும் இடைவெளியில் ரத்தம் பரவுகிறது. ஆபத்து ஒரே அடியாக வந்து முடிவதில்லை. வெடித்த அந்த நிமிடத்தில் மூளைக்கு ஒரு அடி. வெடித்த இடத்தை அடைக்கும்வரை மறுபடி ரத்தம் கசியும் அபாயம், முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம். திரவம் வடியும் பாதை அடைபட்டு மூளையின் அறைகளில் நீர் கோர்ப்பது இன்னொன்று. அப்புறம், ஏறத்தாழ நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளையின் சில பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் போகும் காலம். பத்துப் பேரில் மூன்று பேருக்கு இந்தத் தாமதமான பாதிப்பு வருகிறது. இதற்காகத்தான் நிமோடிபின் மருந்தை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாட்கள் கொடுக்கிறார்கள்.

ஆக, சேர்த்த அன்று போட்ட கணக்கு, இன்னும் நடக்காத மூன்று நான்கு விஷயங்களைத் தெரியாமலேயே போட்ட கணக்கு. கீழே வரும் எல்லா வழிகளுக்கும் இந்தக் குறை பொது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இவை. முதலாவது, அந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது: உயிர் பிழைப்பதா, ரத்தக்குழாய்ச் சுருக்கமா, பின்னாளில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதா? இரண்டாவது, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே விடை வருமா? மூன்றாவது, எப்போது கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் காலாவதியாகும்? நான்காவது, எந்த நோயாளிகளை வைத்து உருவாக்கினார்கள், நம் முன்னால் படுத்திருப்பவர் அவர்களைப் போன்றவரா? கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று: கணிப்பு தப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. நன்றாக வருவார் என்று சொல்லி வராமல் போனால் பணமும் நாட்களும் நம்பிக்கையும் போகும். தேறமாட்டார் என்று சொல்லிச் சிகிச்சையை நிறுத்திவிட்டால், அந்தக் கணிப்பு சரியா தவறா என்று பிறகு யாராலும் சோதிக்கவே முடியாது.

## வழி 1: படுக்கையருகே போடும் கிரேடு

இதில் இரண்டு அளவைகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன.

பழையது ஹன்ட்-ஹெஸ். அமெரிக்காவின் ஒஹாயோவில் வில்லியம் ஹன்ட், ராபர்ட் ஹெஸ் என்ற இரு மருத்துவர்கள் 275 நோயாளிகளை வைத்து 1968இல் வெளியிட்டது. அவர்களுடைய கேள்வி மீட்சியைப் பற்றியதே இல்லை. யாருக்கு எப்போது அறுவை சிகிச்சை செய்தால் ஆபத்து குறைவு என்பதுதான். லேசான தலைவலி என்றால் கிரேடு 1. கடுமையான தலைவலியும் கழுத்து இறுக்கமும் 2. மந்தம், குழப்பம், லேசான நரம்புக் குறைபாடு 3. அரை மயக்கமும் ஒரு பக்கம் கை கால் வராமையும் 4. ஆழ்ந்த கோமா 5. எளிது, கருவி எதுவும் வேண்டாம், ஐம்பது ஆண்டுகளாக எல்லா மருத்துவருக்கும் பழக்கம். ஆனால் ‘மந்தம்’ எங்கே முடிகிறது, ‘அரை மயக்கம்’ எங்கே தொடங்குகிறது? இரவு ட்யூட்டி மருத்துவர் 3 என்பதைக் காலையில் சீனியர் 4 என்பார். நோயாளியிடம் மாற்றம் ஏதும் இருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, நுரையீரல் நோய் போன்ற பெரிய உடல்நோய் இருந்தால் ஒரு கிரேடு கூட்டிப் போட வேண்டும் என்பது மூலக் கட்டுரையின் விதி. அதைச் சிலர் பின்பற்றுகிறார்கள், பலர் பின்பற்றுவதில்லை. ரிப்போர்ட்டில் வெறும் ‘4’ என்று இருந்தால் எப்படி வந்த 4 என்று தெரியாது.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் உலக நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கூட்டமைப்பு 1988இல் ஓர் அளவையைக் கொண்டுவந்தது. டபிள்யூஎஃப்என்எஸ் என்று அதைச் சொல்வார்கள். இதன் அடிப்படை 1974இல் கிளாஸ்கோவில் உருவான கோமா அளவை (ஜிசிஎஸ்): கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை, மொத்தம் 3 முதல் 15. அந்த மொத்தம் 15 என்றால் கிரேடு 1. 13 அல்லது 14, கை கால் பலவீனம் இல்லையென்றால் 2, இருந்தால் 3. 7 முதல் 12 வரை 4. 3 முதல் 6 வரை 5. எண்ணால் வரையறுத்துவிட்டதால் இரு மருத்துவர்கள் ஒத்துப்போகும் வாய்ப்பு இதில் கூடுதல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அதற்காகக் குறையில்லை என்று அர்த்தமில்லை. கிரேடு 4 என்ற அந்தப் பெட்டியைப் பாருங்கள். ஜிசிஎஸ் 12 உள்ளவர் கண் திறந்து, குழம்பிக் குழம்பியாவது பேசக்கூடும். 7 உள்ளவர் வலி கொடுத்தால்கூடக் கண் திறக்காமல் இருக்கலாம். இருவருமே ‘கிரேடு 4’. அதனால் வீட்டார் கிரேடோடு நின்றுவிடாமல் ஜிசிஎஸ் எவ்வளவு, அதிலும் அசைவுக்கு எவ்வளவு என்று கேட்பது நல்லது. அசைவு மதிப்பெண்ணில்தான் செய்தி அதிகம். கிரேடு 2க்கும் 3க்கும் இடையே பின்விளைவில் பெரிய வித்தியாசம் தெளிவாகத் தெரிவதில்லை என்பது இன்னொரு குறை. பின்னர் வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் 14 என்றால் 2, 13 என்றால் 3 என்று எளிமையாக்கிவிட்டார்கள்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு நேரம் சார்ந்தது. ஆம்புலன்ஸில் மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போட்டு அழைத்து வந்தவருக்குப் பேச்சு மதிப்பெண் போடவே முடியாது. போட்டால் கிரேடு தேவையில்லாமல் மோசமாகத் தெரியும். வரும் வழியில் வலிப்பு வந்திருந்தால் அதற்குப் பின் சில மணி நேரம் யாரும் மந்தமாகத்தான் இருப்பார்கள். நீர் கோர்த்திருந்தால், தலையில் சிறு துளையிட்டு நீரை வடிக்கும் குழாய் (டிரெயின்) வைத்த சில மணி நேரத்தில் கிரேடு 5 என்றவர் 3க்கோ 2க்கோ வருவதும் உண்டு. எனவே வாசலில் போட்ட கிரேடைவிட, மூச்சு, ரத்த அழுத்தம், வலிப்பு, நீர்க்கோர்ப்பு எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு போடும் கிரேடுதான் பின்விளைவோடு நன்றாக ஒத்துப்போகிறது.

இது யாருக்குப் பொருந்தும்? முதல் ஒரு மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய எல்லோருக்கும். வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பும்போது போனில் சொல்ல இதைவிட நல்ல மொழி கிடையாது.

## வழி 2: சிடி ஸ்கேனில் ரத்தத்தின் அளவு

மில்லர் ஃபிஷர் 1980இல் 47 நோயாளிகளின் ஸ்கேன்களை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது இது. ரத்தம் தெரியவில்லை என்றால் 1, மெல்லியதாகப் பரவியிருந்தால் 2, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான கட்டி அல்லது படலம் என்றால் 3, மூளைக்குள்ளோ அதன் அறைகளுக்குள்ளோ ரத்தம் என்றால் 4. இந்த அளவையின் விசித்திரம் என்னவென்றால், ரத்தக்குழாய்ச் சுருக்கத்துக்கு அதிக ஆபத்து உள்ளது 3தான், 4 அல்ல. எண் கூடக் கூட நிலைமை மோசம் என்று நினைத்துப் படிக்கும் எவரும் இங்கே தடுமாறுவார்கள்.

அதைச் சரிசெய்ய வந்தது திருத்தப்பட்ட ஃபிஷர். மெல்லிய ரத்தம் 1, அதோடு மூளை அறைகளிலும் ரத்தம் இருந்தால் 2, கனமான ரத்தம் 3, கனமான ரத்தத்தோடு அறைகளிலும் ரத்தம் 4. 2006இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளோடு கூடிய ரத்தக்குழாய்ச் சுருக்கம் கிரேடு 1இல் 24 சதவீதம், 2இலும் 3இலும் 33, 4இல் 40 சதவீதம். ஏணிப்படி ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். 24க்கும் 40க்கும் இடையில் உள்ளதை வைத்து ஒரு தனி மனிதரின் வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. யாரைக் கூடுதல் கவனத்தோடு கண்காணிப்பது, யாருக்குத் தினமும் டாப்ளர் (ரத்தக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) எடுப்பது, யாரை ஐசியுவில் இன்னும் ஒரு வாரம் வைத்திருப்பது என்று திட்டமிட முடியும், அவ்வளவுதான்.

ஆகவே ‘ஃபிஷர் 4 என்றார்கள், அப்படியானால் பிழைக்கமாட்டாரா’ என்ற கேள்விக்கு நேரான பதில்: அந்த எண் அதைச் சொல்வதற்காக வந்ததே இல்லை. கிரேடு 1இல் இருப்பவருக்கும் ஸ்கேனில் ஃபிஷர் 4 இருக்கலாம். அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவரைப் பத்து நாள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த 4இன் செய்தி.

மறைந்த செலவு என்று பார்த்தால், எது மெல்லியது, எது கனமானது என்பதில் கண்ணுக்குக் கண் வேறுபாடு வரும். ரிப்போர்ட்டில் பழைய ஃபிஷரா, திருத்தப்பட்டதா என்று எழுதாமல் விடுவது சகஜம். தலைவலி வந்து ஐந்தாறு நாள் மாத்திரை போட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக வந்தவருக்கு, ரத்தம் கரைந்துபோய் ஸ்கேன் நிலைமையைக் குறைத்துக் காட்டும்.

கிரேடையும் ஸ்கேனையும் சேர்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும் வாசோகிரேடு என்ற முறை 2015இல் வந்தது. கிரேடு 4, 5 என்றால் ஸ்கேன் எப்படி இருந்தாலும் சிவப்பு. அதுவும் தாமதமான பாதிப்பைக் கணிக்கத்தான். ஷிஃப்ட் மாறும்போது நர்ஸுகளுக்குச் சொல்ல வசதியானது. வீட்டாரிடம் சொல்ல ஏற்றதல்ல.

## வழி 3: பல விவரங்களைச் சேர்த்த கால்குலேட்டர்கள்

வயதைக் கேட்காத எந்த அளவையும் மீட்சியைப் பற்றி முழுதாகப் பேச முடியாது. கிரேடு ஒன்றாகவே இருந்தாலும் 40 வயதுக்காரரும் 75 வயதுக்காரரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதில்லை. இந்தக் குறையை நிரப்ப வந்தவைதான் கூட்டு மாதிரிகள்.

அவற்றில் பெரியது சாஹிட். பல நாட்டுச் சோதனைகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் சேர்த்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்திலிருந்து உருவாக்கி 2018இல் வெளியிட்டார்கள். அடிப்படை வடிவத்துக்கு மூன்றே விஷயம் போதும்: வயது, டபிள்யூஎஃப்என்எஸ் கிரேடு, முன்பே ரத்த அழுத்தம் இருந்ததா. அடுத்த வடிவத்தில் ஸ்கேனில் ரத்தத்தின் அளவு, அனியூரிஸத்தின் பருமன், இடம் சேரும். முழு வடிவத்தில், அனியூரிஸத்தை அடைக்க மண்டையைத் திறந்து க்ளிப் போட்டார்களா, ரத்தக்குழாய் வழியாகப் போய்க் காயில் (மெல்லிய கம்பிச்சுருள்) வைத்தார்களா என்பதும் சேரும். வெளிவருவது மூன்று மாதத்தில் இறப்பு அல்லது மோசமான நிலை ஏற்படும் சாத்தியம்.

இதன் திறனைச் சொல்லும் எண் சுமாராக 0.8. நன்றாகத் தேறிய ஒருவரையும் தேறாத ஒருவரையும் எடுத்துக்கொண்டால், பத்துக்கு எட்டு முறை தேறாதவருக்கு அதிக ஆபத்து என்று மாதிரி சரியாகச் சொல்லும். 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான், 1 என்றால் தப்பே இல்லை. 0.8 நல்ல எண், மருத்துவத்தில் இதைவிட மோசமானவற்றை வைத்தெல்லாம் முடிவெடுக்கிறோம். இருந்தாலும் மூன்று எளிய விவரங்களோடு கிடைப்பதற்குமேல், ஸ்கேனும் அனியூரிஸத்தின் அளவும் சேர்த்தபோது பெரிதாகக் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணிப்பின் முதுகெலும்பு வயதும் கிரேடும்தான்.

ஃப்ரெஷ் என்பது 2016இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளை வைத்து உருவானது. ஹன்ட்-ஹெஸ் கிரேடு, சேர்ந்தபோது உடல் முழுவதன் நிலை, வயது, 48 மணி நேரத்துக்குள் மறுபடி ரத்தம் கசிந்ததா என்ற நான்கையும் சேர்த்து 0 முதல் 9 வரை மதிப்பெண். இதன் சிறப்பு, ஓர் ஆண்டு கழித்து உள்ள நிலையைக் கணிப்பது. படிப்பையும் முன்பிருந்த உடல் குறைபாட்டையும் கணக்கில் எடுத்து நினைவாற்றலையும் வாழ்க்கைத் தரத்தையும் கணிக்கும் துணை வடிவங்களும் இதற்கு உண்டு. மற்றவை அந்தப் பக்கமே போவதில்லை. ஹேர் என்று இன்னொன்று 2014இல் வந்தது. அது மருத்துவமனையில் இருக்கும்போதே இறக்கும் ஆபத்தை மட்டும் சொல்வது; வீட்டார் கேட்கும் கேள்விக்கு அது கொஞ்சம் தூரம்.

இந்த வழியின் மறைந்த செலவுகள்தான் இருப்பதில் நயவஞ்சகமானவை. முதலாவது, ‘நல்ல விளைவு’ என்பதற்கு என்ன பொருள் என்று திரையில் தெரியாது. சாஹிட் பயன்படுத்தும் கிளாஸ்கோ விளைவு அளவையில் 1 இறப்பு, 2 உணர்வற்ற நிலை, 3 பிறரை நம்பியிருக்கும் கடும் ஊனம், 4 தன் வேலையைத் தானே பார்க்கும் ஊனம், 5 நல்ல மீட்சி. 4உம் 5உம் ‘நல்ல’ பக்கம். ஊனத்தை 0 (குறையே இல்லை) முதல் 6 (இறப்பு) வரை அளக்கும் ரேங்கின் அளவையை வைத்துச் செய்த ஆய்வுகளில் சிலர் 0 முதல் 2 வரை நல்லது என்பார்கள், சிலர் 3ஐயும் சேர்த்துக்கொள்வார்கள். 3 என்றால் தானாக நடப்பார், ஆனால் அன்றாட வேலைகளுக்கு ஓரளவு உதவி வேண்டும். கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்து சதவீதம் கணிசமாக மாறும். எங்கே போட்டாலும் மறதி, சட்டென வரும் கோபம், மாலைக்குள் ஆளைச் சாய்த்துவிடும் அசதி, பழைய வேலைக்குத் திரும்ப முடியாமை இவையெல்லாம் அந்தக் கோட்டுக்குள் தெரியாது. நன்றாகத் தேறியதாகக் கணக்கில் எழுதப்பட்டவர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, ஒரு கணிப்பில் ‘60 சதவீதம்’ என்று வந்தால், இவரைப் போன்ற நூறு பேரில் அறுபது பேருக்கு அப்படி ஆனது என்று பொருள். உங்கள் அப்பா அந்த அறுபதிலா நாற்பதிலா என்று அதற்குத் தெரியாது. மூன்றாவது, இந்த விவரங்களில் பெரும்பகுதி வசதியான நாடுகளின் பெரிய மையங்களிலிருந்து வந்தது. சிறிய ஊரிலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்து, அனியூரிஸத்தை அடைக்க இன்னும் இரண்டு நாள் ஆன ஒருவருக்கு அதே சதவீதம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்காவது, அந்த விவரங்களுக்குள்ளேயே ‘தேறமாட்டார்’ என்று சிகிச்சை நிறுத்தப்பட்டு இறந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இறப்பையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் மாதிரி கற்றிருக்கிறது.

## வழி 4: இஇஜி, எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை

இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நாள்கணக்கில் கண் திறக்காதவர்களுக்கு, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் தொடர் இஇஜி உதவும். வெளியே தெரியாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். கணிப்பைவிட இதுதான் அதன் பெரிய பயன். மூளைத்தண்டில் அடி பட்டிருக்கிறதா, எந்தப் பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் போனது என்பதை எம்ஆர்ஐ காட்டும். மணிக்கட்டில் நரம்பைத் தூண்டி மூளையில் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, இதயம் நின்று மீண்டவர்களிடம் நம்பத் தகுந்தது. இந்த ரத்தக்கசிவில் அந்த அளவு உறுதி கிடையாது. ரத்தத்தில் நரம்புப் புரதங்களை அளக்கும் சோதனைகள் ஆய்வு நிலையைத் தாண்டி அன்றாட முடிவுகளுக்கு வரவில்லை. இவற்றில் எதையும் தனியாக வைத்து முடிவெடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

## வழி 5: கெடு வைத்துக் காத்திருந்து, திரும்பத் திரும்பப் பார்ப்பது

இது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இல்லை. அனியூரிஸத்தை அடைத்து, நீரை வடித்து, முழுச் சிகிச்சையும் கொடுத்துக்கொண்டே, ‘இத்தனை நாளில் இன்னின்ன மாற்றம் வருகிறதா பார்ப்போம், பிறகு உட்கார்ந்து பேசுவோம்’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. அந்தக் கெடுவுக்குள் தினமும் ஒரே மாதிரி பரிசோதனை: மயக்க மருந்தைக் குறைத்துவிட்டு, சொன்னதைச் செய்கிறாரா, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, வலிக்குக் கையை எங்கே கொண்டுபோகிறார்.

கிரேடு 4, 5 நோயாளிகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தீவிரச் சிகிச்சை முழுதாகக் கிடைத்த மோசமான கிரேடு நோயாளிகளில் மூன்றில் ஒருவர் அளவுக்குத் தன் காரியத்தைத் தானே பார்க்கும் நிலைக்கு வருவதைப் பல மருத்துவமனைகளின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. அவர்களுடைய மீட்சி மெதுவானது. மூன்றாம் மாதம் பார்த்ததற்கும் ஓராண்டில் பார்ப்பதற்கும் வேறுபாடு இருக்கும். அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டியும், மோசமான கிரேடு என்றாலும் வீட்டாரிடம் வாய்ப்புகளைத் தெளிவாகப் பேசிவிட்டு அனியூரிஸத்துக்குச் சிகிச்சை தருவது நியாயமானது என்கிறது.

காத்திருப்பவர்கள் அனுபவமுள்ள கண்ணையும் நம்பலாம். மூளைக்குள் ஏற்படும் இன்னொரு வகை ரத்தக்கசிவில், மருத்துவர்களும் நர்ஸுகளும் நோயாளியைப் பார்த்துச் சொன்ன கணிப்பு, மதிப்பெண் அளவையைவிட நன்றாக ஒத்துப்போனதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் பழகிய கண் ஒரு பக்கம் சாயவும் செய்யும். அண்மையில் பார்த்த மோசமான கேஸ் மனதில் நிற்கும்.

இதன் செலவு வெளிப்படையானது: ஐசியு நாட்கள், வென்டிலேட்டர், கிருமித்தொற்று ஆபத்து, கூடவே நகை அடகும் கடனும். தமிழ்நாட்டில் காப்பீட்டு அட்டை இருந்தாலும் எல்லாச் செலவும் அதற்குள் அடங்குவதில்லை என்பது ஒருமுறை பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்’ என்ற பேச்சு பல இடங்களில் மருத்துவக் கணிப்பாக வெளியே வந்தாலும் உள்ளே இருப்பது பணக் கணக்கு. பணம்தான் காரணம் என்றால் அதைப் பணம் என்றே பேசிவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது போன்ற வழிகள் அப்போதுதான் மேசைக்கு வரும். உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவதற்கு இந்தியாவில் தனி நடைமுறையே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிதாக்கியது, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வராந்தாவில் ஐந்து நிமிடம் பேசி முடிவாகிற விஷயமில்லை.

காத்திருப்பது எல்லோருக்கும் சரியும் அல்ல. எல்லாம் சரிசெய்த பிறகும் இரண்டு கண்மணிகளும் விரிந்து அசையாமல் இருப்பது, மூளைத்தண்டின் செயல்கள் ஒவ்வொன்றாக அணைவது, மிக முதிய வயதில் ஏற்கெனவே படுக்கையோடு இருந்தவர், ‘எனக்கு இப்படி ஆனால் இழுத்துக்கொண்டு கிடக்கவிடாதீர்கள்’ என்று தெளிவாகச் சொல்லிவைத்தவர் என்றால் கெடுவைச் சுருக்கிக்கொள்வதில் தவறில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தக் கேள்விக்கு | எப்போது | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|
| ஹன்ட்-ஹெஸ் | இன்று எவ்வளவு மோசம் | உடனே | ஆளுக்கு ஆள் மாறும் |
| டபிள்யூஎஃப்என்எஸ் | அதே கேள்வி, கூடுதல் துல்லியம் | உடனே. சரிசெய்த பின் மறுபடி | மயக்க மருந்து, குழாய், வலிப்பு |
| திருத்தப்பட்ட ஃபிஷர் | ரத்தக்குழாய் சுருங்குமா | முதல் ஸ்கேன் | தாமதமாக வந்தவர். மீட்சிக் கேள்விக்குப் பொருந்தாது |
| சாஹிட் | மூன்று மாத நிலை | முதல் நாள், பிறகும் | ‘நல்லது’ என்பதன் எல்லை. தனி மனிதருக்கு இல்லை |
| ஃப்ரெஷ் | ஓராண்டு நிலை, நினைவாற்றல் | 48 மணி நேரத்துக்குப் பின் | ஹன்ட்-ஹெஸின் குறை இதற்கும் வரும் |
| கெடு வைத்த காத்திருப்பு | இவருடைய போக்கு எப்படி | நாட்கள், வாரங்கள் | பணம், தொற்று, வீட்டாரின் சோர்வு |

## ஒரே நோயாளி, ஆறு எண்கள்

கற்பனைக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். 58 வயது அம்மா, பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர். வந்தபோது கூப்பிட்டால் கண் திறக்கிறார் (3), பேச்சில் தொடர்பில்லாத வார்த்தைகள் (3), வலிக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோகிறார் (5). ஜிசிஎஸ் 11. டபிள்யூஎஃப்என்எஸ் 4. ஹன்ட்-ஹெஸ்ஸில் ஒருவர் 3 என்பார். பிரஷருக்காக ஒன்று கூட்டுபவர் 4 என்பார். ஸ்கேனில் கனமான ரத்தம், மூளை அறைகளிலும் ரத்தம், திருத்தப்பட்ட ஃபிஷர் 4. வாசோகிரேடு சிவப்பு. இந்த நேரத்தில் கால்குலேட்டரைத் திறந்தால் இருண்ட எண்தான் வரும்.

ஸ்கேனில் அறைகள் விரிந்திருப்பதால் டிரெயின் வைக்கிறார்கள். மறுநாள் காலை தானாகக் கண் திறக்கிறார், பெயரைச் சொல்கிறார், தேதி மட்டும் குழப்பம், சொன்னபடி இரண்டு கையையும் தூக்குகிறார். ஜிசிஎஸ் 14, டபிள்யூஎஃப்என்எஸ் 2. வாசோகிரேடு மஞ்சள். ஃபிஷர் மட்டும் அதே 4. ரத்தம் எங்கேயும் போய்விடவில்லை, பத்து நாள் கண்காணிப்பு அப்படியே தேவை. ஒரே இரவில் கிரேடு இரண்டு படி இறங்கியது, ஸ்கேன் நகரவில்லை. இரண்டுமே உண்மை. நேற்றிரவு எண்ணை வைத்து இந்த அம்மாவை வேறு எங்காவது அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

## எப்போது எதை எடுப்பது?

முதல் சில மணி நேரம், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதா, டிரெயின் வைப்பதா என்ற கேள்விகளுக்கு: டபிள்யூஎஃப்என்எஸ், கூடவே ஜிசிஎஸ்ஸின் மூன்று பிரிவுகளையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். மொத்தம் மட்டும் எழுதினால் அடுத்தவருக்குப் பயன் பாதிதான்.

எத்தனை நாள் ஐசியு, எத்தனை முறை டாப்ளர் என்பதற்கு: திருத்தப்பட்ட ஃபிஷர்.

கிரேடு 1 முதல் 3 வரை உள்ளவரின் வீட்டாரோடு முதல் முறை விரிவாகப் பேசும்போது: சாஹிட்டின் அடிப்படை வடிவம் போதும், ஆனால் சதவீதத்தைத் தசமப் புள்ளியோடு சொல்லாதீர்கள். ‘பெரும்பாலும் நன்றாக வருவார், நடுவில் ஒரு சரிவு வரலாம்’ என்ற வாக்கியம் 73.4 சதவீதத்தைவிட உண்மைக்கு அருகில் இருக்கும். வேலை, குழந்தைகளின் படிப்பு, கடன் என்று ஓராண்டைத் திட்டமிடுபவர்களுக்கு ஃப்ரெஷ் கூடுதலாக உதவும்.

கிரேடு 4, 5: கால்குலேட்டரைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, கெடு வைத்த காத்திருப்பு. அனியூரிஸத்தை அடைத்து நீரை வடித்த பிறகு குறைந்தது மூன்று நாள். முடிந்தால் ரத்தக்குழாய்ச் சுருக்கக் காலம் தாண்டும்வரை.

வீட்டார் கையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்: இது எந்த அளவையின் கிரேடு? டிரெயினுக்கு முன்பா பின்பா, மயக்க மருந்து ஓடும்போதா? நீங்கள் சொல்லும் ‘தேறுவார்’ என்பதற்கு நடப்பாரா, பேசுவாரா, வேலைக்குப் போவாரா, எது பொருள்? அனியூரிஸத்தை அடைத்தாகிவிட்டதா? மறுபடி எந்தத் தேதியில் உட்கார்ந்து பேசுவோம்? கடைசிக் கேள்விக்குத் தேதி வாங்கிக்கொண்டு, அதைக் கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.